டெங்குவா, சிக்குன்குனியாவா? மூன்று சாளரக் கார்டு ஒன்றின் மதிப்பீடு

வலங்கைமானுக்குப் பக்கத்தில் நான் நடத்திவரும் சிறிய கிளினிக்கில், கடந்த மூன்று மழைக்காலங்களாக ஒரே நிறுவனத்தின் கூட்டுப் பரிசோதனைக் கார்டைப் பயன்படுத்திவருகிறேன். டெங்கு ஆன்டிஜென் (வைரஸின் புரதம்), டெங்கு ஆன்டிபாடி (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்), சிக்குன்குனியா ஆன்டிபாடி ஆகிய மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் தட்டில், மூன்று சாளரங்களில், இருபது நிமிடத்துக்குள் காட்டும் கார்டு அது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் உள்ள மருந்து மொத்த விற்பனையாளர்களிடம் இதே அமைப்பில் வேறு நிறுவனங்களின் கார்டுகளும் கிடைக்கின்றன. சாளரங்களின் வரிசை மாறுமே தவிர உள்ளே நடப்பது ஒன்றுதான். குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். சொந்தமாக ஆய்வக வசதி இல்லாத, ஒரு உதவியாளரையும் இரத்த அணுக்களை எண்ணும் ஒரு மேசை இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு காய்ச்சல் பார்க்கும் என்னைப் போன்ற மருத்துவர்களுக்காகவே இந்த மதிப்பீடு.

முதலில் பெட்டியைப் பற்றி. ஒவ்வொரு கார்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் தனித்தனி அலுமினிய உறையில் வருகிறது. டெங்கு ஆன்டிஜென்னுக்கான என்.எஸ்.1 சாளரத்தில் மூன்று சொட்டு சீரமும் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்), மற்ற இரண்டு சாளரங்களில் பத்து மைக்ரோலிட்டர் சீரமும் அதன்மேல் பஃபர் கரைசலும் விட வேண்டும். பத்து மைக்ரோலிட்டரை அளப்பதற்கு அவர்கள் தரும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒரு சோதனைதான்: விரலை எடுப்பதற்குள் இருமடங்கு ஏறிவிடும். என் உதவியாளர் முதல் மாதத்திலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆய்வகப் பைப்பெட் ஒன்றை வாங்கித்தரச் சொன்னார். அதன்பின் மங்கலான கோடுகள் பற்றிய சண்டை பாதியாகக் குறைந்தது. 2 முதல் 30 டிகிரி வெப்பத்தில் வைக்கச் சொல்கிறது உறை. சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரைக்குக் கீழே 30 டிகிரி என்பது விடியற்காலையில் மட்டுமே கிடைக்கும் சலுகை என்பதால், தடுப்பூசிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து, பயன்படுத்தும் முன் அரை மணி நேரம் வெளியே எடுத்துவைக்கிறோம்.

இந்தக் கார்டின் சிறந்த பகுதி முதல் சாளரம். டெங்கு வைரஸ் தன் பெருக்கத்தின்போது இரத்தத்தில் கலக்கும் புரதமே என்.எஸ்.1 என்பதால், உடல் எதிர்ப்பைத் தொடங்கும் முன்பே, காய்ச்சலின் முதல் நாளிலிருந்து ஏறத்தாழ ஐந்தாம் நாள்வரை அது கிடைக்கிறது. இரண்டாம் நாள் காய்ச்சலோடு வந்த ஒரு கல்லூரி மாணவனுக்குப் பத்தாவது நிமிடத்திலேயே அடர்த்தியான கோடு விழுந்தது. அன்றிலிருந்தே அவனுடைய இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பி.சி.வி. அளவைத் தினமும் பார்க்க முடிந்ததால், ஐந்தாம் நாள் வயிற்றுவலி தொடங்கியபோது தஞ்சாவூருக்கு அனுப்புவதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. இந்தச் சாளரத்தில் கோடு விழுந்தால் நம்பலாம். விழாவிட்டால் நம்பக் கூடாது. அதுவும் முன்பே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு, பழைய ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தைப் பிடித்து மறைத்துவிடுவதால், கோடு விழாமல் போகும் வாய்ப்பு அதிகம். இரண்டாம் முறை, வேறொரு வகை டெங்கு வைரஸால் வரும் டெங்குதான் கடுமையாகும் வாய்ப்பு அதிகமுள்ளது என்பதை நினைத்துப் பார்த்தால், கார்டு எங்கே கைவிடுகிறதோ அங்கேதான் நோயாளிக்கு நம் துணை அதிகம் தேவைப்படுகிறது.

சிக்கல் மூன்றாம் சாளரத்தில் இருக்கிறது. டெங்குவுக்கு ஆன்டிஜென்னைத் தேடும் இதே கார்டு, சிக்குன்குனியாவுக்கு ஐ.ஜி.எம். என்ற, தொற்றுக்குப் பின் முதலில் உருவாகும் ஆன்டிபாடியை மட்டுமே தேடுகிறது. அந்த ஆன்டிபாடி இரத்தத்தில் தேறுவதற்கு ஐந்து நாளாவது ஆகும். கார்டில் தெளிவான கோடாகத் தெரிய ஒரு வாரம்கூட ஆகலாம். ஆனால் சிக்குன்குனியா நோயாளி ஒரு வாரம் காத்திருப்பதில்லை. காலையில் எழ முடியாமல் கட்டிலோடு கிடந்தவரை அன்று மாலையே ஆட்டோவில் தூக்கிவருகிறார்கள். ஆகவே எந்த நாளில் அவர் கண்டிப்பாக வருவாரோ, அந்த நாளில் மூன்றாம் சாளரம் வெறுமையாகவே இருக்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் மதகு திறந்த அன்று மாலையே வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வாய்க்காலில் போய் நின்றுகொண்டு, இந்த ஆண்டு தண்ணீர் விடவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது அது. ஒரே தட்டில் மூன்று சாளரங்களையும் அருகருகே வைத்திருப்பதால், மூன்றும் ஒரே நேரத்துக்கு உரியவை என்ற தோற்றம் உண்டாகிறது. இந்தப் பொருளின் பெருங்குறை அதன் வேதியியலில் இல்லை, இந்த வடிவமைப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதன் விளைவை நேரில் கண்டேன். நடவு வேலை செய்யும் ஒரு பெண், நாற்றுமுடியைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை என்று சொல்லி வந்தார். இரண்டாம் நாள் காய்ச்சல். இரு மணிக்கட்டுகளும் கணுக்கால்களும் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. முந்தைய நாள் வேறொரு இடத்தில் இதே வகைக் கார்டைப் போட்டுப் பார்த்து, மூன்றும் நெகடிவ் என்று எழுதி, “ஒன்றுமில்லை, சாதாரணக் காய்ச்சல்தான்” என்று சொல்லி, வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவருக்கு வந்தது சிக்குன்குனியா என்பது பத்தாம் நாள் எடுத்த எலைசா என்ற ஆய்வகச் சோதனையில் தெரிந்தது, நல்லவேளை. அதே நாளில் அதே நெகடிவ் கார்டோடு வந்தவருக்கு உள்ளே இருந்தது டெங்குவாக இருந்திருந்தால், அந்த ஊசி இரத்தக்கசிவுக்கு வழிகோலியிருக்கலாம். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழிந்து, அபாய அறிகுறி எதுவும் இல்லை என்று உறுதியாகும்வரை பாராசிட்டமாலைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். ஐயம் உள்ளவரை எல்லாரையும் டெங்கு நோயாளியாகவே நடத்த வேண்டும். சிக்குன்குனியா நோயாளிக்கு அதனால் கூடுதலாக இரண்டு நாள் வலி இருக்குமே தவிர உயிருக்கு இழப்பில்லை.

அப்படியானால் கார்டில்லாமல் இவற்றைப் பிரிக்க முடியுமா என்று கேட்டால், முழுமையாக முடியாது, ஆனால் கார்டு தருவதைவிட அதிகமாகவே முடியும் என்பேன். சிக்குன்குனியாவில் காய்ச்சல் இடி விழுந்தது போலத் திடீரென்று, சில மணி நேரத்தில், உச்சத்துக்குப் போகிறது. வலி மூட்டில் நிற்கிறது, அதுவும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் போன்ற சிறு மூட்டுகளில், இரு பக்கமும் ஒன்றுபோல. கையால் தொட்டாலே வீக்கம் தெரியும். நோய் தணிந்த சில வாரங்களில் மூக்கின் மேல் கருமை படர்வது சிலரிடம் காணப்படும் தனி அடையாளம். இந்தப் பெயரே தான்சானியாவின் மக்கொண்டே மக்கள் மொழியிலிருந்து, வலியால் உடல் வளைந்துபோவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1952-இல் அங்குதான் நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. 2006-இல் அது தமிழ்நாட்டுக்குள் பெரிதாகத் திரும்பிவந்தபோது, எங்கள் பக்கத்தில் அதைச் “சிக்கன் குனியா” என்றே சொல்லிக்கொண்டு கோழிக்கறியைத் தள்ளிவைத்த வீடுகள் உண்டு. மக்கொண்டே மொழிக்காரர்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

டெங்குவில் மூட்டைவிடத் தசையும் எலும்பும் கண்ணுக்குப் பின்புறமும் வலிக்கின்றன. கண்ணை உருட்டச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். வாந்தியும் வயிற்றுவலியும் சேர்ந்துவருவது டெங்குவின் பக்கம் தராசைச் சாய்க்கும். வெள்ளணுக்கள் குறைவது டெங்குவில் மூன்றாம் நாளுக்குள்ளேயே தெரியத் தொடங்கும். பிளேட்லெட் அதற்குப் பின்னால்தான் இறங்கும். சிக்குன்குனியாவிலும் பிளேட்லெட் சற்றுக் குறையலாம் என்றாலும் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது அரிது. எங்கள் ஊரில் காய்ச்சல்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி “பிளேட்லெட் எவ்வளவு?” என்பதுதான், அதை ஏற்றுவதற்குப் பப்பாளி இலைச்சாறு, நிலவேம்புக் குடிநீர் என்று வீடே இயங்குகிறது. ஆனால் நான் கவலையோடு பார்ப்பது பி.சி.வி. எண்ணைத்தான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும்போது இரத்தம் கெட்டிப்பட்டு அந்த எண் ஏறுகிறது. முதல் நாள் அளவைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால், பிளேட்லெட் எவ்வளவு இருந்தாலும் அது மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய ஆள்தான். இந்தக் கசிவே டெங்குவைக் கொல்லும் நோயாக்குகிறது. சிக்குன்குனியாவில் இது நிகழ்வதில்லை. இரண்டையும் பிரித்தறியும் அவசியமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கிறது.

அதோடு, டெங்குவின் ஏமாற்று ஒன்று உண்டு. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ காய்ச்சல் தானாக இறங்கும். “விட்டுப்போச்சு டாக்டரய்யா” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். கசிவு தொடங்குவது அப்போதுதான்; அடுத்த 24 முதல் 48 மணி நேரமே ஆபத்தான காலம். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், சோர்வோ நிலைகொள்ளாமையோ, கல்லீரல் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கார்டு என்ன சொன்னாலும் நான் அனுப்பிவிடுகிறேன்.

இந்தக் காரணங்களால், கார்டை உறையிலிருந்து எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள்? கேட்பதற்கு எளிது, விடை வாங்குவதற்குக் கடினம். “மூணு நாளா” என்று எங்கள் பகுதியில் சொன்னால் அது இரண்டிலிருந்து ஆறுவரை எதுவாகவும் இருக்கலாம். ஆகவே தேதியைக் கேட்பதை விட்டுவிட்டேன். ரேஷன் போட்ட அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா, அமாவாசைச் சோறு ருசித்ததா, உங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வந்த இரவு நீங்கள்தானே மடையைத் திறந்தீர்கள் என்று கேட்டால், நாள் சரியாக வந்து விழும். காய்ச்சல் தொடங்கிய நாளை ஒன்றாம் நாளாக எண்ணி, அந்த எண்ணைக் கார்டின் முதுகில் மார்க்கர் பேனாவால் எழுதிய பிறகே சொட்டு விடுகிறோம். ஐந்தாம் நாளுக்குள் என்றால் முதல் சாளரத்தை மட்டும் படிக்கிறோம். மற்ற இரண்டில் வரும் வெறுமையை நெகடிவ் என்று எழுதுவதில்லை, ‘காலம் வரவில்லை’ என்று எழுதுகிறோம். நிறுவனத்தின் துண்டுப்பிரசுரத்தில் காய்ச்சல் நாளை எழுதுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. தமிழிலும் அந்தப் பிரசுரம் இல்லை.

நடுச் சாளரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டெங்கு ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதம்வரை இரத்தத்தில் தங்கியிருப்பதால், ஐப்பசியில் வந்த டெங்குவின் கோடு மார்கழியில் வரும் சளிக் காய்ச்சலிலும் தெரியும். அதே சாளரத்தில், நீண்ட காலம் தங்கும் ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியின் கோடு மட்டும் விழுந்தால் என்றோ வந்து போனது என்பதற்கு மேல் பொருளில்லை. ஐந்தாம் நாளுக்குள்ளேயே அது அடர்த்தியாக விழுந்தால் இரண்டாம் முறை டெங்குவோ என்று எச்சரிக்கையாக இருக்கலாம். டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே ஏடிஸ் கொசுவால் பரவுவதால் இரண்டு கோடுகளும் சேர்ந்தே விழுவதும் உண்டு. அப்போது டெங்குவுக்கு உரிய கவனிப்பையே கொடுக்க வேண்டும். டெங்கு ஃபிளேவி வைரஸ் குடும்பம், சிக்குன்குனியா ஆல்ஃபா வைரஸ் குடும்பம் என்பதால் ஒன்றின் ஆன்டிபாடி மற்றொன்றின் சாளரத்தில் குழப்பம் செய்வது அரிது.

அந்தக் குழப்பம் ஜிகாவில் வருகிறது. சென்ற ஆண்டு விற்பனைப் பிரதிநிதி ஒருவர், நான்காவதாக ஜிகா ஐ.ஜி.எம். சாளரமும் சேர்ந்த புதிய கார்டைக் கொண்டுவந்து, “சார், இனி ஒரே டெஸ்ட்டில் எல்லாம் முடிந்தது” என்றார். ஜிகாவும் டெங்குவும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றின் ஆன்டிபாடி மற்றொன்றைப் பிடிக்கும். ஆண்டுதோறும் டெங்கு வந்துபோகும் இந்தப் பகுதியில் அந்த நான்காம் சாளரம் கர்ப்பிணிகளிடம் வீண் பீதியைத்தான் கிளப்பும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இதற்காக ஜிகாவை மறந்துவிடலாம் என்று பொருளல்ல. தமிழ்நாட்டில் 2017-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது கண்டறியப்பட்டது; 2021-இல் கேரளத்தில் பலருக்கு வந்தது. நோய்த்தொற்று பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அறிகுறியே தோன்றும். அதுவும் இலேசான காய்ச்சல், அரிப்போடு கூடிய தடிப்பு, பீளை கட்டாத சிவந்த கண் என்று சாதுவாகவே இருக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் தலை வளர்ச்சியைக் கெடுப்பதுதான் அதன் கொடுமை. கர்ப்பிணிக்கு இந்த மூன்று அறிகுறியும் சேர்ந்திருந்தால் கார்டைத் தொடாமல், முதல் வாரத்துக்குள் இரத்தமும் சிறுநீரும் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனைக்குப் போக ஏற்பாடு செய்வதே முறை. சிறுநீரில் வைரஸ் இரத்தத்தைவிடச் சில நாட்கள் கூடுதலாகக் கிடைக்கிறது.

டெல்டாவில் கொசுக் காய்ச்சல் என்றதும் கை வயலை நோக்கித்தான் நீளும். ஆனால் ஏடிஸ் கொசு வயல் தண்ணீரில் பெருகுவதில்லை; நிலத்தடி நீர் உப்பாகிப்போன கடைமடை ஊர்களில் டிரம்மிலும் தொட்டியிலும் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், கொல்லையில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியிலும் பெருகி, பகலில் கடிக்கிறது. வயலில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு தருவது வேறு: ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அதுவும் ஃபிளேவி வைரஸ்தான் என்பதால் நடுச் சாளரத்தில் பொய்க் கோடு விழலாம். காய்ச்சலோடு வலிப்போ, பேச்சுக் குழறலோ, உணர்வு மங்கலோ இருக்கும் குழந்தைக்கு, டெங்கு ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்ற கார்டை நம்பிக் கிளினிக்கில் படுக்கவைப்பது பெரும் தவறு.

மூன்று சாளரமும் வெறுமையாக இருந்தால் வைரஸ் அல்லாதவற்றையும் தேட வேண்டும். அக்குளிலும் அரையிலும் சிகரெட் சுட்டது போன்ற கரிய பொருக்கு இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். எலி நடமாடும் சேற்றில் வெறுங்காலோடு நின்றவருக்குக் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் எலிக்காய்ச்சல். இரண்டும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படுபவை. சட்டையைக் கழற்றிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைக் கார்டு மிச்சப்படுத்தித் தருவதாக நினைத்துக்கொள்கிறோம்.

கார்டின் முடிவை அரசின் நோய்க் கண்காணிப்பு உறுதிச் சான்றாக ஏற்பதில்லை; எலைசா முறையில் செய்யும் என்.எஸ்.1, ஐ.ஜி.எம். சோதனைகளே ஏற்கப்படும், அவை அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. முடிவு வரச் சில நாள் ஆகும் என்பது உண்மை. ஆனால் சிகிச்சையை முடிவுக்காக நிறுத்திவைக்கத் தேவையில்லாதபோது அந்தத் தாமதத்தால் கெடுவது ஒன்றுமில்லை. என் நோயாளிகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கடினம்: இருபது நிமிடத்தில் கையில் கிடைத்த கோடு, நான்கு நாள் கழித்து வரும் தாளைவிட உண்மையாகத் தோன்றுகிறது.

இதை வாங்கலாமா என்றால், என்.எஸ்.1 சாளரத்துக்காக மட்டும் வாங்கலாம், அதற்கு என்.எஸ்.1 மட்டும் உள்ள தனிக் கார்டே போதும், விலையும் குறைவு. மூன்று சாளரக் கார்டு, ஆறாம் நாளுக்குப் பிறகு மூட்டு வீக்கத்தோடு வருபவர்களுக்காகச் சிறிதளவு கையிருப்பில் இருந்தால் பயன்படும். மங்கலான கோட்டைக் குறித்த நேரத்தில் படிக்காமல் ஒரு மணி நேரம் கழித்துப் படித்துப் பாசிட்டிவ் என்று எழுதும் ஆய்வகங்களை நான் அறிவேன். அப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கார்டும் உதவாது.

இந்த ஐப்பசிக்கு மூன்று சாளரப் பெட்டியில் ஒன்றும், தனி என்.எஸ்.1 பெட்டியில் மூன்றும் சொல்லியிருக்கிறேன். மிச்சமான பணத்தில், இத்தனை ஆண்டும் இல்லாமல் சமாளித்துவந்த, குழந்தைகளுக்கான இரத்த அழுத்தக் கருவிப் பட்டையை இரண்டு அளவில் வாங்கிவிட்டேன். டெங்குக் கசிவு முற்றும்போது இரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 20-க்குச் சுருங்குவதை ஆறு வயதுக் குழந்தையின் கையில் பெரியவர்களுக்கான பட்டையைக் கட்டிக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து நிமிடம் அழுத்தம் வைத்து, ஒரு சதுர அங்குலத்துக்குள் பத்துச் செம்புள்ளிகள் தோன்றுகின்றனவா என்று எண்ணும், டெங்குவுக்கான பழைய சோதனைக்கும் அதே பட்டைதான் வேண்டும்.